இடது காதில் ஒரு சுளீர்

உலான்பாத்தரில் டிசம்பர். வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
நிலக்கரிப் புகையில் எதிர்க் கட்டடத்தைக் காணோம்.
ஓடுவதென்றால் உள்ளேதான்:
ஆட்டிறைச்சிக் கொழுக்கட்டை அவிக்கும் கடைக்கு மேலே
மூன்றாம் மாடி,
கொரியாவில் யாரோ ஓடித் தீர்த்துக் கழித்துப்போட்ட டிரெட்மில்.
அதன் பச்சைப் பொத்தானில் இன்னும் அந்த ஊர் எழுத்து.
நான் முதலில் வாசித்த சொல் அதுதான்.
ஷிஜாக். தொடங்கு.

காதில் பாடம் ஓடுகிறது.
பிப்ரவரியில் தேர்வு. தேறினால் ஆன்சானில்
பிளாஸ்டிக் மூடி வார்க்கும் ஆலையில் மூன்று வருஷம்.
"வணக்கம், என் பெயர்" என்கிறாள் பாடத்துக்காரி,

சுளீர்.

எறும்பென்றால் கடிக்குமுன் கொஞ்சம் ஊரும்.
இது ஊராத எறும்பு.
இடது வயரைப் பிடுங்கினேன்.
வலது காதில் அவள் பாட்டுக்கு
சந்தித்ததில் மகிழ்ச்சி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வியர்த்துவிட்டால் நிற்கும்தான். ஆனால்
இங்கத்திய காற்று வியர்வையைப்
பிறக்குமுன் குடித்துவிடுகிறது.
ஆக, என் கொரிய மொழி வளர்ந்தது இப்படி:
"சம்பளம்" என்பதற்கு ஒரு சுளீர்.
"பாதுகாப்புத் தலைக்கவசம்", இரண்டு.
"நன்றி" வருவதற்கு முன்பே
கழுத்து ஒருபக்கம் சாய்ந்து நிற்கும்.

கூடத்துச் சொந்தக்காரர் கோம்போ, பழைய மல்யுத்தக்காரர்,
ஒரு காது பிசைந்த மாவுபோல் மடிந்தவர்.
என் காலணியைப் பார்த்தார், ஓடுபட்டையைப் பார்த்தார்.
"கீழே ரப்பர். மேலே பாலியஸ்டர்.
உரச உரச உம்மேல சேருது, இறங்க வழியில்லை.
வழி கிடைச்ச இடத்துல இறங்குது. அது உன் காது.
கம்பியைத் தொட்டுத் தொட்டு ஓடு."
பிறகு தானாகச் சிரித்துக்கொண்டார்:
"முழங்கால் மண்ணைத் தொட்டா தோத்தேன்னு அர்த்தம்.
முப்பது வருஷம் தொடாமப் பிழைச்சவன்
உன்னைத் தொடச் சொல்றேன் பாரு."

தொட்டேன்.
பாடத்தைக் கவனித்தால் கை மறக்கிறது,
கை நினைவிருந்தால் வினைச்சொல் மறக்கிறது.

வீட்டில் அல்தார், ஆறு வயது,
முத்தமிடக் குனிந்தால் கதவுப்பிடியைக் காட்டுகிறான்:
முதலில் அதைத் தொட்டுவிட்டு வா.
இரவில் விளக்கை அணைத்து
ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்கிறான்.
தலைவழியே படபடவென்று பொரியும் நீலப் பொறிகளை எண்ணிப்
பதினொன்று என்கிறான்.
மூன்று வருஷத்துக்கு எத்தனை நாள் என்று
இன்னும் அவனுக்கு எண்ண வராது.

இருபத்தேழாம் பாடம், மருத்துவமனை.
"ஒதிகா அப்பாயோ?" எங்கே வலிக்கிறது?
மூன்று வாரமாகத் தலையில் தங்காத வாக்கியம்.
ஜனவரியில் ஒரு செவ்வாய், நான்காவது நிமிஷம்,
சுளீர்,
"அப்பாயோ!"
கூடமே திரும்பிப் பார்த்தது.
எடை தூக்கிக்கொண்டிருந்தவன் எடையைக் கீழே வைத்தான்.
என்ன சொன்னே, என்றார் கோம்போ.
வலிக்குதுன்னேன், என்றேன்.
எந்த மொழியில் என்று அவர் கேட்ட பிறகுதான்
எனக்கே தெரிந்தது.

தேர்வு அறையில் மேசைக்கு மேசை
கறுப்பு ஹெட்போன், பஞ்சு பிதுங்கிய காது.
மாட்டுவதற்கு முன் குனிந்து
மேசையின் இரும்புக் காலைத் தொட்டேன்.
பக்கத்துப் பெண் அதைப் பார்த்தாள்.
அவளும் குனிந்து தொட்டாள்.
அவளுக்குப் பின்னால் லாரி ஓட்டும் கைகளோடு ஒருவன்,
அவனும்.
ஏதோ வேண்டுதல் மாதிரி
நான்காம் வரிசை வரை போயிற்று அது.
கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப்
போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

காதுக்குள் இரைச்சல், யாரோ மூச்சிழுக்கும் ஒலி.
கழுத்தைச் சாயவிடாமல் பிடித்துக்கொண்டேன்.
கேள்வி ஒன்று.